மலைக்குப் பக்கத்தில் ஓர் அறை

சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில், ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் இயேசுதாசனுக்கு வயது அறுபத்து நான்கு. அதில் நாற்பத்தொரு வருடம் மின்தூக்கி பழுதுபார்ப்பதிலேயே போய்விட்டது. மனிதன் படியேறுவது என்பது எங்கோ ஒரு மோட்டார் கெட்டுப்போனதால் நேரும் கஷ்டம் என்பது அவருடைய எண்ணம்.

பழைய நாளில் அவர்களுடைய புளோக்கில் மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பது ஆகிய மாடிகளில் மட்டும்தான் நிற்கும். மூன்றாம் மாடிக்காரர்கள் எல்லோரும் கீழிருந்து படியேறித்தான் வீட்டுக்குப் போனார்கள். இயேசுதாசன் மட்டும் மின்தூக்கியில் ஐந்தாம் மாடிக்குப் போய், அங்கிருந்து இரண்டு மாடி இறங்கி வீட்டுக்கு வருவார். கையில் அரிசி மூட்டை இருந்தாலும் சரி, வெறும் செய்தித்தாள் இருந்தாலும் சரி, இதே வழிதான். பிறகு எல்லா மாடியிலும் நிற்கும்படி மின்தூக்கியை மாற்றிக் கட்டியபோது, அந்த வேலைக்கு வந்த தொழிலாளர்களுக்கு மூன்று நாள் தொடர்ந்து கோப்பி வாங்கிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய மனைவி அல்போன்சம்மாள் இதற்கு நேர் எதிர். தொடக்கப்பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் காலை ஆறு மணிக்கு மாதா கோவில் பெண்கள் ஐந்து பேரோடு நீர்த்தேக்கக் கரையில் கையை வீசி வீசி நடப்பார். திரும்பி வரும்போது இயேசுதாசன் சோபாவில் இருப்பார். "ஒரு நாளாவது என்கூட வாங்களேன்" என்பார் அவர். "முட்டி" என்பார் இவர். முப்பத்தைந்து வருட இல்லறத்தில் அந்த ஒரு சொல் அவருக்கு எத்தனையோ முறை கைகொடுத்திருக்கிறது.

திருமணத்தின் முப்பத்தைந்தாம் வருடம் நெருங்கியபோதுதான் வினை வந்தது. பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் மகள் மிரண்டா ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தாள். "மம்மி, அனிவர்சரிக்கு உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டாள். அல்போன்சம்மாள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஃபேபர் மலையில ஆரம்பிச்சு கெண்ட் ரிட்ஜ் வரைக்கும் போகுதே, அந்த நடைபாதை. பத்து கிலோமீட்டர். முழுசா நடக்கணும். இவரோட."

இயேசுதாசன் மீன் முள்ளை எடுப்பதுபோல் தட்டையே பார்த்தார். தட்டில் இருந்தது கத்தரிக்காய்.

"விடியும்போது அங்க நிக்கணும். வெயிலுக்கு முன்னாடி பாதி தூரம் போயிடணும்" என்று அல்போன்சம்மாள் தொடர்ந்தார். "இங்கேருந்து ரயில் ஏறிப் போனா வெயில் வந்துடும்."

"அப்ப பக்கத்துலயே ஹோட்டல்ல ஒரு நாள் தங்குங்க. என்னோட பிரசண்ட்" என்றாள் மிரண்டா. "ஆனா ஹோட்டலை டாடிதான் சூஸ் பண்ணணும். பினாங்கு போனப்ப, மலாக்கா போனப்ப, மம்மி புக் பண்ண எல்லா ரூமுக்கும் டாடி கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்கல்ல? இந்தத் தடவை அவங்களே பார்க்கட்டும் லா."

இயேசுதாசன் வாய் திறந்து மறுக்கப் போனவர், சட்டென்று மூடிக்கொண்டார். நல்ல யோசனை ஒன்று அப்போதுதான் அவருக்கு உதித்தது.

அன்று மதியமே ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மலைப்பாதையை வரைந்தார். படுக்கைவாட்டில் போகும் பாதையை அவர் செங்குத்தாக வரைந்தார், மின்தூக்கிக் கூண்டு ஏறும் குழிபோல. பாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் வழிகளை மாடிகள்போலக் குறித்து எண் போட்டார். அவர் திட்டம் எளிமையானது. பாதையின் நடுவில், ஓர் இறங்கும் வழிக்கு மிக அருகில் இருக்கும் ஹோட்டலாகப் பார்க்க வேண்டும். நடுவழியில் வந்ததும் "கழிவறைக்குப் போயிட்டு வர்றேன், நீ மெதுவா போய்க்கிட்டே இரு" என்று மனைவியிடம் சொல்ல வேண்டும். நேரே அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். பிறகு டாக்சியில் பாதையின் கடைசிக்குப் போய், "எங்க போனே நீ? உன்னைத் தேடித் தேடி நான் முன்னாடியே வந்துட்டேன்" என்று வியர்வையோடு நிற்க வேண்டும். வியர்வைக்குத் தண்ணீர் பாட்டில் இருக்கிறது.

இதைக் கைப்பேசியில் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஹோட்டல்களின் படங்களை அவர் நம்புவதில்லை. எத்தனையோ ஹோட்டல்களுக்குப் பின்வாசல் வழியாகவே போய் வேலை பார்த்தவர் அவர். நேரில் போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தார்.

முதலில் ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல். 'மலைப்பாதைக்கு இரண்டே நிமிடம்' என்று அவர்கள் விளம்பரம் செய்திருந்தார்கள். முகப்பில் இருந்த பெண் இனிமையாகப் பேசினாள். மலையைப் பார்த்த அறை, கடலைப் பார்த்த அறை, இரண்டையும் பார்த்த அறை என்று அடுக்கினாள். இயேசுதாசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லிஃப்ட் மோட்டார் ரூமைப் பார்க்கலாமா?" என்றார். அவள் சிரித்த முகம் மாறாமல் மேலாளரை அழைத்தாள். மேலாளர் வந்ததும் இவர் கிளம்பிவிட்டார். எப்படியும் அந்த இடம் சரிப்படாது. பாதை தொடங்கும் இடத்தில் தங்கினால் தப்பித்துப் போக வழி இல்லை.

இருந்தாலும் இரண்டு நிமிடம் என்றார்களே, அது உண்மையா என்று பார்க்க ஆசை வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தார். சரியாக ஒன்றே முக்கால் நிமிடத்தில் பாதை வந்துவிட்டது. ஆனால் அது படியாக வந்தது. காட்டுக்குள் வளைந்து வளைந்து, மேலே எங்கே போகிறது என்று தெரியாத படிகள். அறிவிப்புப் பலகையைப் படித்து, உயரத்தை மாடிக் கணக்கில் மாற்றிப் பார்த்தார். ஏறக்குறைய இருபத்து நான்கு மாடி. அவர் கண்ணுக்கு எந்தப் பக்கமும் ஒரு மின்தூக்கி தென்படவில்லை.

இறங்கும் வழி மேலே எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திட்டம் போட முடியாதே! ஏறினார். நாற்பது படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு சீன மூதாட்டி, சிவப்பு விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு, அவரைக் கடந்து மேலே போனார். இவர் அடுத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கீழே இறங்கி வந்தார். அதற்கடுத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது மறுபடி மேலே போனார். மூன்றாம் முறை நின்று, "அங்கிள், ஓக்கேயா?" என்று கேட்டார். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் தன்னை அங்கிள் என்றது இயேசுதாசனுக்குச் சுருக்கென்றது. அடுத்த அறுபது படியை உட்காராமல் ஏறினார்.

உச்சிக்குப் போன பிறகு திரும்பி இறங்க முட்டி ஒப்புக்கொள்ளவில்லை. முன்னால் போகும் பாதை சமமாகத் தெரிந்தது. அதனால் முன்னால் போனார். போய்க்கொண்டே இருந்ததில் ஹெண்டர்சன் சாலைக்கு மேலே அலைபோல வளைந்து கிடக்கும் பெரிய மரப்பாலம் வந்துவிட்டது. பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தார். பன்னிரண்டு மாடி உயரம். பேருந்துகள் தீப்பெட்டிபோல் போயின. "நல்லாத்தான் கட்டியிருக்கானுங்க" என்று வாய்விட்டுச் சொன்னார். பக்கத்தில் திருமணப் படம் எடுத்துக்கொண்டிருந்த மணமகள் திரும்பிப் பார்த்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து, "ஹோட்டல் சரியில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தார். இரண்டு நாள் எழவில்லை.

அடுத்த வாரம் இரண்டாவது இடம். தெலுக் பிளாங்காவில், மலையடிவாரச் சாலையில், ஏழு மாடியுள்ள ஒரு சிறிய ஹோட்டல். அவருடைய படத்தில் அது மூன்றாம் எண் இறங்குவழிக்கு நேர் கீழே இருந்தது. ஏறக்குறையப் பாதையின் நடுப்பகுதி. உள்ளே நுழைந்ததுமே இதுதான் நம் இடம் என்று அவருக்குப் பட்டது. ஐந்தாம் மாடி அறையைப் பார்க்கச் சாவியைக் கொடுத்தார்கள். மின்தூக்கியில் ஏறினார்.

கதவு மூடும்போது ஒல்லியான ஓர் அம்மாள் காலை நீட்டித் தடுத்து உள்ளே வந்தார். நரைத்த கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டு, சல்வாருக்குக் கீழே வெள்ளை ஓட்டக் காலணி அணிந்திருந்தார். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. மூன்றாம் மாடியைத் தாண்டும்போது 'கிர்ர்' என்று ஒரு சத்தம். இயேசுதாசன் காதைத் தீட்டினார். "டோர் ரோலர் தேஞ்சிருக்கு" என்றார், தனக்குத்தானே. அவர் சொல்லி முடிக்கவும் மின்தூக்கி நின்றுவிட்டது.

"தமிழா?" என்றார் அந்த அம்மாள்.

"ஆமாங்க. பயப்படாதீங்க. காத்து வரும். அந்தப் பட்டனை அமுக்கினா ஆள் வருவான்."

"நான் எதுக்குப் பயப்படுதேன்? நீங்கதான் வேர்த்துக் கொட்டுதீங்க."

அவர் பெயர் அன்னம்மா. நாகர்கோவிலில் முப்பத்தாறு வருடம் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்பது. ஊர் ஊராகத் தனியாகப் போய் நடப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. இந்த மலைப்பாதையில் நடக்கவே இந்த ஹோட்டலைப் பிடித்திருந்தார். ஆள் வந்து மின்தூக்கியைத் திறக்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் இயேசுதாசன் அவருக்கு, கம்பி ஏன் அறுந்துவிடாது, அறுந்தாலும் கூண்டு ஏன் விழாது, விழுந்தாலும் கீழே என்ன தாங்கும் என்பதையெல்லாம் விளக்கிவிட்டார். பேச்சு அந்த வேகத்திலேயே போனதில், "இந்த மலைப்பாதை எனக்கு அத்துப்படி" என்றும் சொல்லிவிட்டார்.

அதுதான் அவர் செய்த தவறு.

கதவு திறந்ததும் அன்னம்மா, "நல்லதாப் போச்சு. வாங்க, இப்பவே போயிட்டு வந்துருவோம். ஒரு வழி தெரிஞ்ச ஆள் கெடைச்சாச்சு" என்றார்.

"இல்ல டீச்சர், எனக்கு முட்டி..."

"முட்டிக்கு என்ன? மடங்குதா?"

"மடங்குது."

"நீளுதா?"

"நீளுது."

"அப்ப அது முட்டிதான். வாங்க."

முப்பத்தாறு வருடம் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்ட குரல் அது. இயேசுதாசனின் கால்கள் அவரைக் கேட்காமலே கிளம்பின. மூன்றாம் எண் இறங்குவழி வழியாக அவர்கள் மேலே ஏறினார்கள். தப்பித்து இறங்குவதற்காக அவர் குறித்து வைத்திருந்த வழி. இருநூற்று நாற்பது படி. அவர் எண்ணினார், எண்ணாமல் இருக்க அவரால் முடியாது. பாதியில் மூச்சு வாங்கி நின்றபோது அன்னம்மா விசிலை எடுத்து ஊதினார். மரத்திலிருந்து இரண்டு மைனாக்கள் பறந்தன.

"மூக்கால இழுங்க. நாலு எண்ணுங்க. வாயால விடுங்க. தோளைத் தூக்காதீங்க சார், இது என்ன அணிவகுப்பா?"

மேலே வந்ததும் அன்னம்மா சுற்றிலும் பார்த்தார். ஒரு பக்கம் கடல், கப்பல்கள். மறுபக்கம் வரிசை வரிசையாகப் புளோக்குகள். "மலை எங்க?" என்று கேட்டார்.

"இதுதாங்க மலை."

"இதா? எங்க ஊர்ல இதை மேடுன்னுதான் சொல்லுவோம், கேட்டியளா" என்றார். இயேசுதாசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் பிறந்த நாட்டின் மலையை ஒருவர் இப்படிச் சொன்னதைப் பொறுக்காமல், காட்டுக்கு மேலே இரும்புத் தூண்களில் போகும் நடைபாதை முழுவதையும் அவருக்குக் காட்டினார். மர உச்சிகளுக்குச் சமமாக அது வளைந்து வளைந்து போயிற்று. ஒவ்வொரு வளைவிலும், "இது எப்படி?" என்று கேட்டார். "பரவாயில்ல" என்றார் அன்னம்மா. அந்தச் சொல்லை 'நன்று' ஆக்குவதற்காகவே அவர் ஐந்து கிலோமீட்டர் நடந்தார்.

பிரியும்போது அன்னம்மா, "நாளைக்குக் காலைல ஆறரை" என்றார். இயேசுதாசன், "சரி டீச்சர்" என்றார்.

இப்படியாக அந்த வாரம் அவர் தொடர்ந்து நான்கு காலை மலைப்பாதையில் நடந்தார். வீட்டில் ஒவ்வொரு நாளும் "ஹோட்டல் பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, முதல் ரயிலில் கிளம்பினார். "ஆறு மணிக்கு என்ன ஹோட்டல் பார்க்குறது?" என்று அல்போன்சம்மாள் கேட்டதற்கு, "காலைச் சாப்பாடு எப்படிப் போடுறாங்கன்னு பார்க்கணும்ல" என்றார். நான்காம் நாள் இருபத்து நான்கு மாடி உயரமும் ஒரே மூச்சில் ஏறினார். சிவப்பு விசிறி மூதாட்டி எதிரே இறங்கி வந்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அன்னம்மா வெள்ளிக்கிழமை விமானம் ஏறினார். போகும்போது, "உங்களை ஒரு மாசம் என்கிட்ட விட்டா மனுஷன் ஆக்கிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மாலைப் பூசை முடிந்து கோவில் வாசலில் சுசீலா அல்போன்சம்மாளைப் பிடித்துக்கொண்டார். சுசீலாவின் மகன் வீடு தெலுக் பிளாங்காவில் இருக்கிறது.

"என்னக்கா, உங்க வீட்டுக்காரர் தினமும் வாக்கிங் போறாரே! சொல்லவே இல்ல. கூட ஒரு அம்மா. கழுத்துல விசில் மாட்டிக்கிட்டு. அவங்க ஊதுறாங்க, இவரு நடக்குறாரு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அல்போன்சம்மாள் இயேசுதாசனுக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். புளோக்குக்கு வந்ததும் மின்தூக்கியில் ஏறாமல் படியில் போனார். இயேசுதாசன் மூன்றாம் மாடியில் அவருக்காகக் காத்து நின்றார். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் கேள்வி வந்தது.

"யாருங்க அந்த விசிலு?"

இயேசுதாசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதல்ல. ஒரே சமயத்தில் இரண்டு பொய்களை நிர்வகிக்கத் தெரியாது. அன்னம்மா யார் என்று சொல்ல, மின்தூக்கி நின்றதைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஹோட்டலுக்கு ஏன் போனார் என்று சொல்ல, காலண்டர் தாளை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. காலண்டர் தாளில் மூன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் 'இங்கே கழிவறை என்று சொல்லவும்' என்று எழுதியிருந்தது.

அல்போன்சம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார்.

"அந்த டீச்சரம்மா இருக்கட்டும். நல்ல பொம்பளையாத்தான் தெரியுது. என்னைப் பாதி மலையில விட்டுட்டு ஹோட்டல்ல போய் படுக்கலாம்னு பார்த்தீங்களா?"

"அது அப்போ. இப்ப நான் முழுசா நடப்பேன், அல்போன்சா."

"முப்பத்தஞ்சு வருஷமா நான் கூப்பிட்டு வராத காலு, அவங்க ஒரு தடவை ஊதினதும் வந்துடுச்சு!"

இயேசுதாசன் "முட்டி" என்று சொல்ல வாயெடுத்து, அது இனிமேல் செல்லாது என்று உணர்ந்து நிறுத்திக்கொண்டார்.

அல்போன்சம்மாள் இரண்டு நாள் பேசவில்லை. தேவையான செய்திகள் மிரண்டா மூலமாகக் கைப்பேசியில் வந்தன. "டாடி, குழம்பு அடுப்புல இருக்காம்." "டாடி, மம்மி கேக்குறாங்க, மாத்திரை போட்டாச்சா." மூன்றாம் நாள் வந்த செய்தி நீளமாக இருந்தது. "டாடி, மலைக்குப் பக்கத்துல எந்த ஹோட்டலும் வேணாமாம். எந்த எக்ஸிட்டுக்கும் பக்கத்துல இருக்கக் கூடாதாம். எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லதாம். உங்களால ஓடிப்போக முடியாத இடமாப் பார்க்கணுமாம் லா."

அப்போதுதான் அவருக்கு முகைதீன் ஞாபகம் வந்தது. முகைதீன் அவரோடு இருபது வருடம் ஒரே வேனில் வேலைக்குப் போனவர். இப்போது லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைப் பக்கம், ஒரு சிறிய ஹோட்டலில் பகல் நேரப் பாதுகாவலர். இயேசுதாசன் தேக்காவில் இறங்கி அவரைப் பார்க்கப் போனார். முகைதீன் எல்லாவற்றையும் கேட்டு, சீருடைப் பொத்தான் தெறிக்கச் சிரித்தார்.

"ஏன் தாசன், மலைக்குப் பக்கத்துல இடம் தேடி நீ மலையையே ஏறிட்டியா? நம்ம எடத்துக்கு வா. ஊதா லைன் ரயில்ல ஏறினா நேரா ஹார்பர்ஃபிரண்ட், கடைசி ஸ்டேஷன். தூங்கினாலும் தப்பா எறங்க முடியாது."

"ரூம் எப்படி?"

"ரூமா? படுக்கலாம்."

"ஜன்னல் இருக்கா?"

"இருக்கு. தொறந்தா செவுரு."

"லிஃப்ட்?"

முகைதீன் சிரிப்பை நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "நாலு மாடி. லிஃப்ட் இல்ல தாசன். படிதான்."

இயேசுதாசன் செங்குத்தான அந்த மரப்படிகளை அண்ணாந்து பார்த்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் அப்படியே திரும்பி நடந்திருப்பார். மேலே போனார். நான்காம் மாடி அறைக் கதவைத் தொட்டுவிட்டு இறங்கி வந்தார். மூச்சு வாங்கவில்லை. அது அவருக்கே விசித்திரமாக இருந்தது. மறுபடி ஒருமுறை போய் வந்தார். "என்னாப்பா, பையை வெச்சுட்டு வந்துட்டியா?" என்றார் முகைதீன்.

திருமண நாளன்று மதியம் அவர்கள் அந்த அறைக்கு வந்தார்கள். அல்போன்சம்மாள் ஜன்னலைத் திறந்து சுவரைப் பார்த்து, "நல்லது" என்றார். கோபம் பாதிதான் தணிந்திருந்தது. ஆனால் மாலையில் கீழே இறங்கி மல்லிகைச் சரம் வாங்கித் தலையில் வைத்து, வாழை இலையில் சாப்பிட்டு, தேவை இல்லாத இரண்டு எவர்சில்வர் டப்பாக்களை நெடுநேரம் விலை பேசி வாங்கியதும், மீதிப் பாதியும் போய்விட்டது.

மறுநாள் காலையில் ரயிலிலிருந்து இறங்கியபோது இருட்டு இன்னும் பிரியவில்லை. அல்போன்சம்மாள் வேறு செருப்பு எடுத்துவராமல், வீட்டிலிருந்தே புத்தம்புதுக் காலணிகளோடு கிளம்பி வந்திருந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் மிரண்டா வாங்கிக் கொடுத்தது. ஒரு நல்ல நாளுக்காக அலமாரியில் பெட்டியோடு பத்திரப்படுத்தி வைத்திருந்தார். படிகளில் தெம்பாக ஏற ஆரம்பித்தார். முதல் நூறு படிக்கு இயேசுதாசன்தான் பின்னால். அதற்குப் பிறகு அவர் முன்னால் போய்விட்டார். நீர்த்தேக்கக் கரை சமதரை. இது அப்படி இல்லை. அல்போன்சம்மாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"மூக்கால இழு. நாலு எண்ணு. வாயால விடு" என்றார் இயேசுதாசன்.

அல்போன்சம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். "இது அந்த விசிலு சொல்லிக் கொடுத்ததா?"

"ஆமா."

அல்போன்சம்மாள் கொஞ்ச நேரம் வீம்பாக வாயாலேயே மூச்சு விட்டார். பிறகு மூக்கால் இழுத்தார்.

ஃபேபர் மலையைத் தாண்டினார்கள். மரப்பாலத்தில் நின்று சூரியன் வருவதைப் பார்த்தார்கள். ஓர் இளம்பெண் அவர்களைப் படம் எடுத்துக் கொடுத்தாள். படத்தில் இயேசுதாசன் சிரித்துக்கொண்டும், அல்போன்சம்மாள் காலைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். காரணம், அவர் காலணி 'சப்பக் சப்பக்' என்று சத்தம் போட்டது. தெலுக் பிளாங்கா மேட்டில் ஏறும்போது வலது காலணியின் அடிப்பாகம் முழுதாகக் கழன்று, ஓரமாகப் போய் விழுந்தது. அலமாரிப் புழுக்கத்தில் நான்கு வருடம் இருந்ததில் பசை மாவாகியிருந்தது. பத்து அடி போவதற்குள் இடது காலணியும் வாய் பிளந்தது. முப்பத்தைந்து வருடத்தில் மனைவி நடுப்பாதையில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்.

"செருப்பு இல்லாம ஆறு கிலோமீட்டர் எப்படிங்க நடக்குறது?" அல்போன்சம்மாளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே, "உங்க திருட்டு வழி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"அந்தத் திருப்பத்துல. இருநூத்தி நாப்பது படி. இடது பக்கம் கைப்பிடி உண்டு."

இயேசுதாசன் தன்னுடைய காலணிகளைக் கழற்றி அவர் காலில் மாட்டினார். இரண்டு அளவு பெரிது. கயிற்றை இறுக்கிக் கட்டினார். தான் காலுறையோடு நடந்தார். அப்படி அவர்கள் இறங்கியபோது, இருநூற்று நாற்பது படியையும் அல்போன்சம்மாள் வாய்விட்டு எண்ணினார். "இருநூத்தி நாப்பத்திரண்டு" என்றார் கீழே வந்ததும். "தப்பா எண்ணியிருக்கீங்க." அதில் அவருக்கு ஒரு திருப்தி.

டாக்சியில் தேக்காவுக்குத் திரும்பினார்கள். தோசை சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய், சுவரைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே மத்தியானம் வரை தூங்கினார்கள். எழுந்ததும் அல்போன்சம்மாள் கேட்டார்: "மணி என்ன? இப்பக் கெளம்பினா மீதியை முடிச்சுடலாமா?"

கீழே ஒரு கடையில் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு வாங்கினார்கள். விட்ட இடத்துக்கே போய், அதே படியில் ஏறி, விட்ட அடியிலிருந்து தொடர்ந்தார்கள். அல்போன்சம்மாள் அதில் கண்டிப்பாக இருந்தார். காலையில் உட்கார்ந்த இடத்தைத் தேடிப் பிடித்து அங்கிருந்துதான் நடக்க ஆரம்பித்தார். காட்டுக்கு மேலே போகும் இரும்பு நடைபாதையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரே குடை. வழுக்கும் செருப்போடு அல்போன்சம்மாள் அவர் முழங்கையைப் பற்றிக்கொண்டு நடந்தார். அவர்கள் கடைசியாகக் கையைப் பிடித்து நடந்தது எப்போது என்று இயேசுதாசன் யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. அதை வெளியே சொல்லவில்லை. "வழுக்கும், பார்த்து வா" என்று மட்டும் சொன்னார்.

கெண்ட் ரிட்ஜ் பூங்காவின் கடைசிப் பலகையை அவர்கள் தொட்டபோது மாலை ஆறு மணி. பத்து கிலோமீட்டரைப் பதினொன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்திருந்தார்கள், நடுவில் தூக்கத்தையும் சேர்த்து. மிரண்டா போன் செய்தாள்.

"மம்மி, ஹோட்டல் எப்படி இருந்துச்சு?"

"ரொம்பத் தூரம்" என்றார் அல்போன்சம்மாள். "நல்லா இருந்துச்சு."

செய்தி கோவிலில் பரவ ஒரு ஞாயிறு போதுமாயிருந்தது. அடுத்த மாதமே இருபது பேர் சேர்ந்து அந்தப் பாதையில் நடக்க விரும்பினார்கள். பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது சுசீலா எல்லோர் சார்பிலும் வந்து கேட்டார்.

"அண்ணே, நீங்கதான் அந்தப் பக்கத்து ஹோட்டல் எல்லாம் பார்த்து வெச்சிருக்கீங்களாமே. எங்களுக்கு எது நல்லா இருக்கும்?"

இயேசுதாசன் கோப்பியை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "எதுவும் வேணாம்மா" என்றார். "ஈசூன்ல முதல் ரயிலைப் புடிச்சா விடியுறதுக்கு முன்னாடி படி அடியில நிக்கலாம். நான்தான் நாலு நாள் போனேனே."

அல்போன்சம்மாள் கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "அப்ப நாம எதுக்குங்க ஹோட்டல் எடுத்தோம்?"

இயேசுதாசன் யோசித்தார். இருபது பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். "பழைய ஷூ போட்டுக்கிட்டு யாரும் வராதீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, இன்னொரு கோப்பி வாங்கிவர எழுந்து போனார்.